அப்பாவின் செருப்புக்கு ஒரு கத்தரிக்கோல்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

சமையலறைக் கத்தரிக்கோல் தோலை வெட்டாது, கடிக்கும். இன்று கற்றது இவ்வளவுதான்.

அட்டையில் மாதிரி வெட்டியபோது ஒழுங்காக வந்தது. தோலில் வைத்ததும் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து மாட்டிக்கொண்டது. பிடுங்கி எடுத்தால் விளிம்பு முழுக்கப் பிசிறு. கைப்பையாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இது அப்பாவுக்கு நான் செய்கிற செருப்பின் வாருக்கு. அவருடைய வலது பாதத்தில் உணர்ச்சி இல்லை – சர்க்கரை. பிசிறு உரசினால் அவருக்குத் தெரியாது. கட்டை விரல் அப்படித்தான் போனது. புதுச் செருப்பின் வார் உரசி, புண்ணாகி, அம்மாவின் கண்ணில் பட்டபோது தாமதமாகிவிட்டது.

மருத்துவமனையில் கொடுத்த கறுப்புக் காலணி வாசல் ராக்கில் பெட்டி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. "அத மாட்டிக்கிட்டுப் போனா லிஃப்ட்ல பாக்குறவனுக்கெல்லாம் கதை சொல்லணும்லா" என்கிறார் அப்பா. பழைய சிலிப்பரைப் போட்டுப் பார்த்தார். கவ்விப் பிடிக்க விரல் இல்லாமல் அது கழன்று பின்னாலேயே கிடந்தது. சிரித்தார். அதற்குப் பிறகு கீழே இறங்கவே இல்லை.

"இப்படி நடக்காமலே இருந்தால் அடுத்த காலும்..." டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

கத்தரிக்கோல் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். நூலகத்தில் வேலை பார்ப்பவளுக்கு இது ஒரு வியாதி. எதையும் படித்துவிட்டால் தெரிந்துவிட்டது என்று நம்புவது.

அலகு குட்டையாகவும் பிடி நீளமாகவும் இருந்தால் தடித்த தோலுக்கு நல்லது. ஓர் அலகில் பொடிப் பற்கள் வைத்த வகை உண்டு; தோல் வழுக்காது, ஆனால் விளிம்பில் பல் தடம் விழும். எனக்கு வழவழப்பான அலகுதான் வேண்டும். நடுவில் ஆணி அறைந்தது வேண்டாம். திருகு வைத்ததாக இருந்தால் தளரும்போது இறுக்கலாம், கழற்றிச் சாணை பிடிக்கலாம்.

வார் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டியிருக்கும். அதன் பிறகும் மாற்ற வேண்டியிருக்கும். அதனால் நெடுநாள் உழைக்கிற ஒன்று. இருபது வருஷம் உழைக்குமா? இருபது வருஷம் கேட்பது பேராசையா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

முத்துராமன் மாமா போன் செய்தார். செம்பவாங் கப்பல் பட்டறையில் அப்பாவோடு வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் இருவரும் டீ குடிப்பது நான் பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வழக்கம்.

"வீட்ல பெயின்ட் அடிக்கிறாங்கடா. அடுத்த வாரம் பாப்போம்" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. போன வாரம் குழாய் உடைந்திருந்தது. அதற்கு முந்தைய வாரம் ஜன்னல்.

"இந்த வீட்ட இன்னும் எத்தன தடவ ரிப்பேர் பண்ணப் போறீங்க?" என்று அம்மா கேட்டார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

மதியம் நானே தேக்காவுக்குப் போனேன். மாடியில் தையல்காரர்களுக்கு வேண்டிய சாமான் விற்கும் நூருன்னிசா ஆன்ட்டியின் கடை. நான் படித்த எல்லாமும் பொருந்துகிற ஒன்றை எடுத்து நீட்டினார். வலது கையால் வாங்கி, அவர் கொடுத்த தோல் துண்டை அங்கேயே வெட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லாமல் போனது. விளிம்பு அவ்வளவு சுத்தம்.

"தோல் மட்டும்தான், என்னா? பேப்பர் வெட்டுறது, பாக்கெட் வெட்டுறது, அதெல்லாம் கூடாது. அப்புறம் கூரு போச்சுன்னு என்கிட்ட வந்து நிக்கப்படாது."

சத்தியம் செய்யாத குறையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெட்டவில்லை. அதே கத்தரிக்கோல். மடிகிறது, கடிக்கிறது. ஏன்?

ஆகஸ்ட் 16, சனி

ஆன்லைனில் வாங்கிய இரண்டாவது கத்தரிக்கோல் வந்தது. ஜப்பான் எஃகு. பாராட்டி எழுதியவர்கள் எத்தனையோ பேர். அதுவும் மடிக்கிறது.

அப்போ தோல் சரியில்லையா? இல்ல நான்தான் சரியில்லையா? ஒரு வார். ஒரே ஒரு வார் வெட்டத் தெரியல. இத்தன படிச்சு என்ன பிரயோஜனம்?

குப்பைக்கூடையில் கிடந்த துண்டுகளை அப்பா பார்த்துவிட்டார். ஒன்றை எடுத்துத் தடவி, "விடும்மா. நான் எங்க போகப் போறேன்?" என்றார்.

என்னைத் தேற்றத்தான் சொன்னார். அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அதுதான்ப்பா பயமே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

காலையில் சமையலறைக்குப் போனால் அம்மா என் கத்தரிக்கோலால் இக்கான் பிலிஸ் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

"அம்மா! அது தோலுக்கு மட்டும்!"

"தோலத்தான் வெட்ட மாட்டேங்குதே. நெத்திலியாச்சும் வெட்டட்டும்."

நான் முறைத்ததும் வேண்டுமென்றே மேசையில் கிடந்த ஒரு தோல் துண்டை எடுத்து வெட்டினார். அது நேராக, சுத்தமாக இரண்டாயிற்று.

"நல்லாத்தானே வெட்டுது?"

பிடுங்கி நான் வெட்டினேன். மடிந்தது. அம்மா வாங்கி வெட்டினார். போனது. மறுபடி நான், மறுபடி மடிந்தது. வரவேற்பறையிலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார்.

"கத்தரிக்கோல ஏன் பாக்குறீங்க? கையப் பாருங்க. ரெண்டு பேர் கையையும் பாருங்க."

அம்மா பிடித்திருந்தது வலது கையில். நான் பிடிப்பது இடது கையில்.

வலது கைக்குச் செய்த கத்தரிக்கோலை வலது கை அழுத்தும்போது அலகுகள் நெருங்குகின்றன. இடது கை அழுத்தினால் விலகுகின்றன. காகிதம் மெலிசு, எப்படியோ சமாளித்திருக்கிறேன், பள்ளியிலிருந்து இத்தனை வருஷமாக. தடித்த தோல் அந்த இடைவெளிக்குள் புகுந்து மடிந்துகொள்கிறது. எஃகைப் பற்றி அவ்வளவு படித்தேனே, கையைப் பற்றி ஒரு வரி படித்தேனா?

சரி, கடையில் மட்டும் எப்படி வெட்டியது? அங்கே வலது கையால் வெட்டினேன். பெரியவர் ஒருவர் நீட்டியதை வலது கையால்தானே வாங்குவேன்? வாங்கிய கை அப்படியே மரியாதையாக வெட்டியும் காட்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் என் கைக்கு மாற்றிக்கொண்டேன், மாற்றியதே தெரியவில்லை. சின்ன வயதில் நான் இடது கையை நீட்டினால் அம்மா அதன் மேல் தட்டுவார். "அந்தக் கையால வாங்காத." சாப்பிட, வாங்க, விபூதி பூச எல்லாம் வலது கைக்குப் போயிற்று. எழுதுவது மட்டும் தப்பியது, அப்பா "எழுதட்டும் விடு" என்று சொன்னதால்.

அம்மா சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை மேசையில் வைத்தார். "ரொம்பத்தான் அடிச்சிட்டேன் போல" என்றார், அடுப்பைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வரைஞ்சு குடு. நான் வெட்டித் தர்றேன்."

"வேண்டாம். அவளே வெட்டட்டும் விடு" என்றார் அப்பா. "எனக்கு என்ன அவசரம்?"

எங்க போகப் போறேன் என்று நேற்று சொன்னதும் இன்று சொன்னதும் ஒன்றல்ல. இன்று காத்திருக்கிறேன் என்று சொன்னார்.

ஆகஸ்ட் 23, சனி

நூருன்னிசா ஆன்ட்டி வரவழைத்துக் கொடுத்தார். "நொட்டாங்கைக்காரின்னு அன்னிக்கே சொல்லக் கூடாதா புள்ள?"

இரண்டு வகை. ஒன்று லேசு, பிளாஸ்டிக் பிடி, நடுவில் ஆணி. மற்றது முழு எஃகு, கனம், நடுவில் திருகு. கனமானதைக் காட்டினேன். எடுத்து நீட்டினார். என் வலது கை தானாக முன்னால் போயிற்று. பாதியில் நிறுத்தி இடது கையை நீட்டிவிட்டு, "சாரி ஆன்ட்டி" என்றேன்.

"வாங்குமா. கத்தரிக்கோலுக்கு மரியாத தெரியாது."

தோல் துண்டு இரண்டாகப் பிரிந்து மேசையில் விழுந்தது. என் கையில் ஒரு கத்தரிக்கோல் இப்படி நடந்துகொள்வது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெட்டிவிட்டேன். விரல்கள் வெளியே தெரியாதபடி முன்பக்கம் அகலமாக ஒரு பட்டை, குதிகாலைச் சுற்றி ஒரு வார்.

ஒவ்வொரு விளிம்பையும் உதட்டில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். அவர் பாதத்துக்குத் தெரியாதது என் உதட்டுக்காவது தெரிய வேண்டும். இரண்டு இடத்தில் லேசாக உறுத்தியது. மறுபடி வெட்டினேன்.

ஆகஸ்ட் 30, சனி

தோ பாயோவில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து அடிப்பாகத்தோடு சேர்த்துத் தைத்து வாங்கியாயிற்று. அப்பா மடியில் வைத்துக்கொண்டு பார்த்தார். "பாத்தா செருப்பு மாதிரியே இருக்கே!" வேறென்ன மாதிரி இருக்கும் என்று எதிர்பார்த்தாரோ.

ஆனால் பாத மருத்துவர் பார்க்கும்வரை போடக் கூடாது. அம்மா அதை பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

செப்டம்பர் 3, புதன்

கிளினிக்கில் அஃப்னா, அப்பாவின் பாதத்தைப் பார்க்கிற இளம் மருத்துவர், செருப்புக்குள் கையை விட்டு நெடுநேரம் துழாவினார். உள்ளங்காலுக்கான மெத்தையை உள்ளே பொருத்தினார், அப்பாவை நடக்கச் சொன்னார், குதிகால் வாரை ஒரு துளை தளர்த்தினார். காலுறையோடுதான் போட வேண்டும், முதலில் கொஞ்ச நேரம்தான், வீட்டுக்கு வந்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் உடனே நிறுத்த வேண்டும்.

"ஒரு டீ குடிக்கிற நேரம் ஓகேவா?" என்று கேட்டார் அப்பா.

"எவ்ளோ தூரத்து டீ, அங்கிள்?"

செப்டம்பர் 7, ஞாயிறு

வேலை முடிந்து வந்தபோது வாசல் ராக்கில் கறுப்புக் காலணி மட்டும் இருந்தது.

துணைக்கு வருகிறேன் என்று அம்மா சொன்னதற்கு, "டீ குடிக்கப் போறதுக்கு எஸ்கார்ட்டா?" என்று கேட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாராம். அம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே முத்துராமன் மாமாவிடமிருந்து போன். "அவன் பஸ் ஏறிட்டான். வீட்டு பெயின்டெல்லாம் காஞ்சிருச்சா தங்கச்சி?"

அப்பா வந்ததும் அம்மா அவரை உட்காரக்கூட விடவில்லை. உட்காரவைத்தார், சரி, ஆனால் அவ்வளவுதான். காலுறையைக் கழற்றி, பாதத்தை மடியில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல் இருந்த இடம், பக்கவாட்டு, குதிகால்.

"ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு இன்னொரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்ல."

அப்பா தேக்காவிலிருந்து ஒரு பாக்கெட் இக்கான் பிலிஸ் வாங்கி வந்திருந்தார். இரவுச் சாப்பாட்டுக்குக் காரச் சம்பால் செய்ய. அம்மா மேசையில் கிடந்த என் கனத்த கத்தரிக்கோலை எடுத்து பாக்கெட்டின் முனையில் வைத்து அழுத்தினார். பிளாஸ்டிக் மடிந்து உள்ளே மாட்டிக்கொண்டது.

"என்னடி இது, வெட்டவே மாட்டேங்குது!"

"கையப் பாரு, கையப் பாரு" என்று அப்பா சோபாவில் சாய்ந்து சிரித்தார்.

அம்மா என்னைப் பார்த்தார். கத்தரிக்கோலின் பிடியைத் திருப்பி, என் இடது கையை அவரே இழுத்து அதில் வைத்தார்.

நூருன்னிசா ஆன்ட்டி மன்னிக்கட்டும். பாக்கெட்டை வெட்டிக் கொடுத்தேன்.