விரல் பிடித்து நடக்கிறவர்கள்

என் வாலுக்குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ இருக்கிற இடத்தில் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். அப்பாவின் முட்டிவலி கொஞ்சம் தேவலை. ஆனால் சாப்பிட உட்காரும்போது இன்னும் மூன்று தட்டுதான் எடுத்து வைக்கிறார். மூன்றையும் நான் கழுவி வைக்கிறேன். என் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும், சிரிக்காதே.

எனக்கு அதே அருங்காட்சியகத்தில் தூசி துடைக்கிற வேலைதான். ஆதிமனிதர் கூடம் உனக்கு ஞாபகம் இருக்கும். சுவர் முழுக்க வரைந்த புல்வெளி. அதன் முன்னால் ஒரு ஆதித்தாயும், அவள் விரலைப் பிடித்து நடக்கிற பிள்ளையும். காலையில் மேல் கண்ணாடி வழியாக வெயில் இறங்கும்போது தூசியெல்லாம் பொன்னாக மிதக்கும். அப்போது அந்தப் புல் அசைகிற மாதிரியே இருக்கும். இரண்டு பேரும் நேற்றைவிட ஓரடி தள்ளி வந்துவிட்டதாகத் தோன்றும்.

அந்தப் பிள்ளையின் கை உன் கை. பொம்மை செய்கிற தம்பி உன்னைப் பார்த்து, "குட்டி, பிள்ளைக் கை சரியா வரல, உன் கையைக் கொஞ்சம் கடன் குடு" என்று கேட்டாரே. என் விரலை நீ பிடித்துக்கொள்ள, அப்படியே அச்சு எடுத்துக் காகிதக் கூழில் செய்தார். கூசுகிறது என்று நீ சுண்டுவிரலை ஆட்டிவிட்டாய். அது இன்றைக்கும் கோணலாகத்தான் இருக்கிறது. "எப்போ திருப்பித் தருவீங்க?" என்று வேறு கேட்டாய்.

உன்னை மண்ணில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து, தினமும் கடைசியாக அந்தக் கையைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன்.

விளக்கம் சொல்கிற அக்கா தினமும் சொல்வார்: "நாலு கால்ல போனது ரெண்டு கால்ல நிமிர்ந்துச்சு. கை சும்மா ஆச்சு. அந்தக் கையில கல்லை எடுத்தான், மனுஷன் ஆனான்." வால் போன கதையும் உண்டு. அதைக் கேட்டு நீ பின்னால் தடவிப் பார்த்து, "எனக்கு இருக்குன்னு எங்கப்பா சொல்றாரே" என்றதை இப்போதும் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

போன வாரம் பிள்ளையின் காலைச் செல் அரித்துவிட்டது. மேலாளர் வந்து, "பிள்ளையை எடுத்துடுங்க. அந்தம்மா கையில ஒரு கல்லைக் குடுங்க, பாடத்துக்கும் அதான் பொருத்தம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பொம்மைத் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கையை மட்டும் அறுத்துத் தரேன்க்கா. வாங்கின கடன்" என்றார். அப்பா அன்றைக்கே அலமாரியில் இடம் ஒழித்து வைத்தார். உன் பூப்போட்ட துண்டைப் பையில் போட்டுக்கொண்டு நான் போனேன்.

தம்பி மணிக்கட்டில் கோடு போட்டார். சிலை ஆடாமல் இருக்க நான்தான் ஆதித்தாயைத் தாங்கிக்கொண்டேன். அவள் தோளில் என் கன்னம் பட்டது. குரங்குக் குட்டி தாயின் ரோமத்தைப் பிடித்துத் தொங்கிக்கொள்ளுமாம், அக்கா சொல்வார். தாய் பாட்டுக்கு மரம் விட்டு மரம் தாவலாம். நம் பிள்ளைக்குத் தொங்க என்ன இருக்கிறது? யாராவது பிடித்துக்கொண்டால்தான் உண்டு. கை சும்மா ஆனது கல்லுக்கு மட்டுமா இருக்கும்?

ஆஸ்பத்திரியில் நீதான் என் விரலை விட்டாய். நான் விடவில்லை, கண்ணு. இங்கே இரண்டு பேருமே விடவில்லை. ரம்பத்தை வைத்தபோது, "வேணாம் தம்பி, அறுக்காதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

"அப்போ மேலாளருக்கு என்ன சொல்றது?"

"காலைச் சரி பண்ணுங்க. கல்லை அந்தம்மாவோட இன்னொரு கையில குடுங்க. ரெண்டு கை இருக்குல்ல?"

மேலாளர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "சரி, நிக்கட்டும்" என்றார்.

வெறும் பையோடு வந்ததைப் பார்த்து அப்பா அலமாரியை மூடினார். மறுநாள் என்கூட வந்தார். நீ போன பிறகு அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. வெயில் இறங்கும்வரை நின்றார். "நம்ம குட்டி அவ பாட்டுக்கு நடக்கிறா" என்று மட்டும் சொன்னார்.

நீ நன்றாக இரு, தங்கம். புல் உயரமாக இருக்கும், பார்த்து நட. பராக்குப் பார்த்துக்கொண்டு பின்தங்கிவிடாதே.

உன் அம்மா

ஒன்றே ஒன்று கேட்க விட்டுப்போனது. அவள் உன் கையை இறுக்கித்தானே பிடித்திருக்கிறாள்?