மெட்ராஸில் பாடும் குட்டி

கார்த்திகை 9, செவ்வாய்.

போன வாரம் மகள் மெட்ராசுக்குத் தூக்கிப்போன வெள்ளாட்டுக்குட்டி அங்கே பெரிய ஆளாகிவிட்டது. பேரன் கீபோர்டு வாசிக்க, அது கூடவே ராகம் இழுக்கிறது. பட்டணமே போனில் பார்க்கிறதாம்.

சாயங்காலம் வீட்டுக்காரர் அந்த வீடியோவை வைத்தார். அவருக்கு எதையும் சத்தம் குறைத்து வைக்கத் தெரியாது. தாயாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவந்து போனை நக்கியது. மந்தை திரும்பும் நேரம் பஞ்சாரக் கூடைக்குள்ளிருந்து குட்டி பாலுக்குக் கத்துமே, அதே சத்தம். இந்த வீட்டில் வளர்ந்த மகளுக்கு அது தெரியவில்லை.

அதற்குள் அவளே போனில் கூப்பிட்டாள்.

"எப்படிம்மா பாடுது?"

"நல்லாத்தான் பாடுது."

"அங்கன என்ன சத்தம்? அங்கனயும் ஒண்ணு பாடுதா?"

"ஆமாட்டி" என்று சொல்லிவிட்டேன்.

பால் கட்டிய மடியோடு ஆடு இன்னும் வாசலில் நின்று கத்துகிறது.