பின்கதவுக் கண்ணாடி

ஜூன் 3

வேனின் பின்கதவுக் கண்ணாடி போயிற்று. ஓட்டல்காரர்களிடமும் ஆஸ்பத்திரி வாட்ச்மேனிடமும் கல் பட்டுவிட்டது என்று சொன்னேன். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். உடைத்தது நான். அறைந்து சாத்தினேன், அவ்வளவு கண்ணாடியும் உப்புக்கல்லாக உதிர்ந்து இஸ்திரி போட்ட துணிமேல் கொட்டியது. இருபத்தாறு வருஷத்து வேன், பாவம், என் கோபத்தை அது எத்தனை நாள் தாங்கும்?

தங்கைக்கு வெளியூர் ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு மேற்பார்வை வேலை கிடைத்திருக்கிறது. ரயிலில் ஒன்பது மணி நேரம். அதை எப்போது சொன்னாள்? வேனுக்குப் பின்னால் நின்று இருவரும் படுக்கை விரிப்பு மடிக்கும்போது. நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து என் கையில் கொடுத்துக்கொண்டே, "அக்கா, வேலைக்கு வரேன்னு அங்க சொல்லிட்டேன்" என்கிறாள். கேட்கவில்லை, சொல்கிறாள்! அவளுக்குப் பத்து வயதானதிலிருந்து தலை வாரி விட்டு வளர்த்தவள் நான். பதினோரு வருஷமாக இந்தச் சலவைத் தொழிலைச் சேர்ந்து இழுக்கிறோம். வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். கடைசியில் — "போறதுன்னா போ. போனா திரும்பி இந்த வாசல மிதிக்காத."

எழுதும்போதே கை கூசுகிறது. இதை விட்டால் அவளுக்கு வேறு வாசல் ஏது?

ஜூன் 4

பேச்சில்லை. எண்பது விரிப்பு மடித்தோம். முனை கொடுக்க வரும்போது என் தோளைப் பார்க்கிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை.

ஜூன் 6

கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தோம். காலைத் தூறலுக்கே டாக்டர்களின் கோட்டெல்லாம் நனைந்து, மறுபடி இஸ்திரி. இப்படியே மழைக்காலத்தை ஓட்ட முடியாது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடைக்குப் போனோம். தங்கை வேனை விட்டு இறங்கவில்லை.

எங்கள் வேனின் கூடப்பிறந்தது போல ஒன்று அங்கே சக்கரமில்லாமல் கிடந்தது. அதன் பின்கண்ணாடி முழுசாக இருந்தது, கழற்றி வாங்கிக்கொண்டேன். அதைச் சுற்றியிருந்த ரப்பர் மட்டும் வெடித்துப் பொடியாகிவிட்டது. புது ரப்பரைச் சுருளிலிருந்து வெட்டிக் கொடுத்தார் கடைக்காரர். "இழுக்காம தளர்வா சுத்துங்கம்மா. ரெண்டு விரக்கடை கூடவே விட்டு வெட்டுங்க" என்றார். துணியோடு பிறந்து வளர்ந்தவளுக்கு அளவு சொல்லித் தருகிறாராம்! தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் நானே உட்கார்ந்து கண்ணாடியைச் சுற்றி ரப்பரை விறைப்பாக இழுத்துப் பொருத்தி, முனையோடு முனை முட்ட வெட்டினேன். ஒரு நூல் இடைவெளி இல்லை. யார் உதவியும் எனக்கு வேண்டாம்.

ஜூன் 7

விடிந்து பார்த்தால் ரப்பர் முனைகளுக்கு நடுவே ஒரு விரல் நுழைகிறது.

எனக்குத் தோன்றியதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நேராகப் போய், "என்மேல இருக்கற கோவத்துல நீதானடி வெட்டினே?" என்று கேட்டேன். பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னாள்: "அது துணியில்லக்கா. இழுத்துப் புடிச்சு வெட்டினா விட்டதும் சுருங்கிக்கும். அந்த ஆளு சொன்னாரே, வேனுக்குள்ளயே கேட்டுச்சு."

"அப்ப நேத்தே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா கேக்கற மொகமா நேத்து உன் மொகம்?"

நான்கு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. திட்டுதான் என்றாலும் காதுக்கு இதமாக இருந்தது. ஆனால் நான் கேட்ட கேள்வி — சீ, என்ன பிறவி நான்? அவள் திருடியா, எதிரியா?

ஜூன் 9

புது ரப்பர் வாங்கி வந்தேன். இந்தத் தடவை அவள் சுற்றினாள், அவளே வெட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், விரிப்பு மடிப்பதைப் போலவே. ரப்பரின் வெளிப்பக்கம் ஓடும் பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றிலும் பதித்து, அதன் நுனிகளை வேனுக்குள் தொங்கவிட வேண்டும். வெளியே நிற்பவர் கண்ணாடியைக் கதவோடு சேர்த்து அமுக்க வேண்டும். உள்ளே இருப்பவர் கயிற்றை இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு கதவின் தகரத்தைக் கவ்விக்கொண்டு ஏறும். வழுக்குவதற்கு எங்கள் சோப்புத் தண்ணீரே போதும்.

அவள் உள்ளே, நான் வெளியே. கயிறு போகும் இடமெல்லாம் என் உள்ளங்கையும் போனது. அவள் முகம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சாண் தூரத்தில், உதட்டைக் கடித்துக்கொண்டு. சின்ன வயசில் கணக்குப் போடும்போது வைத்துக்கொள்ளும் அதே முகம். என்னால் தாங்க முடியவில்லை. "அன்னைக்குச் சொன்னத மனசுல வச்சுக்காதடி. தெரியாம சொல்லிட்டேன்" என்று கண்ணாடியைப் பார்த்தே சொல்லிவிட்டேன்.

கயிறு முழுதும் வெளியே வந்ததும் இறங்கி வந்தாள். "என்னமோ சொன்னியே, என்ன?"

"ஒழுங்கா இழுன்னு சொன்னேன்."

கோழை.

ஜூன் 14

ரயிலேற்றிவிட்டு வந்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். பிளாட்பாரத்தில் நான் மூன்று தடவை கேட்டதென்னவோ: "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" எடுத்துக்கொண்டாளாம். வண்டி போய்விட்டது.

ஜூன் 21

ஒற்றையாளாக விரிப்பு மடிக்க வழி கண்டுபிடித்துவிட்டேன். ஒரு பக்கத்தைப் பின்கதவின் இடுக்கில் வைத்துச் சாத்திவிட்டால் கதவு பிடித்துக்கொள்கிறது. மெல்லத்தான் சாத்துகிறேன். ஆனால் கதவு நடந்து வந்து முனை கொடுப்பதில்லை, எல்லா நடையும் எனக்குத்தான்.

ஜூலை 2

பகல் முழுக்கப் பேய்மழை. ஆஸ்பத்திரி வாசலில் வேனுக்குள் உட்கார்ந்து ரப்பரைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தேன். உலர்ந்த துணி மாதிரி இருந்தது. அந்த நேரம் பார்த்து அவளிடமிருந்து போன்.

"அங்கயும் மழையாமே. ஒழுகுதாக்கா?"

"ஒரு சொட்டு இல்லடி. நல்லா இழுத்திருக்கே."

சிரித்தாள். "அன்னைக்கு முன்பக்க ஜன்னல் தொறந்துதான் இருந்துச்சு. நீ சொன்னது எல்லாமே கேட்டுச்சு."

"அடிப்பாவி! அப்புறம் எதுக்கு என்னன்னு கேட்டே?"

"மொகத்தப் பாத்து இன்னொரு தடவ சொல்றியான்னு பாத்தேன்."

மழைச் சத்தத்தில் நான் அழுதது அவளுக்குக் கேட்டதோ என்னவோ. சொன்னேன். திக்கித் திணறி, ஆனால் முழுசாகச் சொன்னேன். "மன்னிச்சுக்கடி. அது என் வாசல் மட்டுமா? உன்னோடதுந்தான். எப்ப வேணா வா."

அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "வர்ற இருபத்தெட்டாம் தேதி லீவுக்கு எழுதிக் குடுத்தாச்சு, நாலு நாளு. பெரிய விரிப்பையெல்லாம் எடுத்து வை" என்றாள்.

இன்னும் இருபத்தாறு நாள் கதவோடுதான் மடிக்க வேண்டும்.