நின்றுபோன மிஷினின் வேலை

வடக்குப்பட்டு
ஞாயிறு

அன்புள்ள பிரவீனாவுக்கு,

ஹைதராபாத் ஏசியில் உனக்கு என்ன குறை வரப்போகிறது; ஆகவே நலம் விசாரிக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஏழு உலகத்திலும் ஒருவரும் நம்பாத கதை இது என்று செம்பரம்பாக்கம் ஏரி மேல் சத்தியம் செய்கிறேன். உன் அம்மாவிடம் படித்துக் காட்டாதே. "எங்க அண்ணன் வாயத் தொறந்தாலே புளுகு" என்பாள்.

எங்கள் பள்ளிக் கணினிகள் பல்லவர் காலத்தவை. ஒன்றை எழுப்பினால் ஒரகடம் முழுக்கக் கரண்ட் போய்விடும். அவற்றை வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டாம் வகுப்புக்கு உன் உத்தியோகத்தைச் சொல்லிக்கொடுத்தேன்: பெரிய வேலையைத் துண்டு போட்டு, எந்த மிஷின் சும்மா இருக்கிறதோ அதன் தலையில் கட்டுவது. முதலில் பிள்ளைகளையே மிஷின்களாக்கி, ஆளுக்கொரு கணக்குச் சீட்டு. பங்கு போடும் மகாராணிப் பதவி ஜாஸ்மினுக்கு. லோகேஷ் சீட்டோடு தூங்கிவிட்டான். கொஞ்சம் பொறுத்துப் பார்த்தவள், "இந்த மிஷின் செத்துப்போச்சு சார்" என்று அறிவித்து, சீட்டைப் பிடுங்கிப் பூஜாவிடம் கொடுத்தாள். செத்தவன் எழுந்து சண்டைக்கு வந்தான். வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கம்பெனிக் கூரை பறந்து காஞ்சிபுரத்தில் விழுந்தது. பிறகு ஜாஸ்மின் அதையே பைத்தான் மொழியில் நிரலாக எழுதி, அந்தக் கிழட்டு மிஷின்களையெல்லாம் ஒரே வேலைக்கு வணங்க வைத்தாள்.

இப்போது அவள் வருவதில்லை. அவள் அப்பா அன்பு, ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். முதுகு போனது, அதோடு வேலையும். ஜாஸ்மினுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுக்கு வேறென்ன வேண்டும்; கம்பெனி உற்பத்தி லைனில் சேர்த்துவிட்டான். வியாழக்கிழமை செய்முறைத் தேர்வு. வராவிட்டால் இந்த வருடம் போச்சு. அடுத்த வருடம் எழுதுகிறேன் சார் என்று லைனுக்குப் போனவர்களில் ஒருத்தியும் திரும்பி நான் பார்த்ததில்லை.

அவள் வீட்டுக்குப் போய், தேர்வுக்கு ஒரு நாள் லீவு கேளம்மா என்று பாரதப் போர்த் தூதுவன் மாதிரி முழங்கினேன். அன்பு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சேர்ந்த வாரத்திலேயே லீவு கேட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்றாள் அவள். வாசல்வரை வந்து, கோபமே இல்லாமல் சொன்னாள்: "நீங்க சொல்லிக் குடுத்ததுதான சார். ஒரு மிஷின் நின்னுச்சுன்னா, அது வேலை சும்மா கீற மிஷினுக்குப் போவணும். எங்க வூட்ல சும்மா இருந்தது நான்தான். படிச்சிக்கினுதான இருந்தேன்."

உன் மாமன் ஒரு புளுகுகூட அவிழ்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். இதை எந்த உலகம் நம்பும்.

ஆயிரம் மிஷின்களை மேய்ப்பவள் நீ. எல்லாச் சுமையும் ஒன்றின் தலையிலேயே விழுந்தால் அங்கே என்ன செய்வீர்கள்? வியாழனுக்குள் எழுது. உன்னிடமும் விடை இருக்காது என்றுதான் தோன்றுகிறது, இருந்தாலும் எழுது. வேளைக்குச் சாப்பிடு. உன் தலையில் எவரும் எதையும் கட்டாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
தாய்மாமன் ஜீவானந்தம்

பி.கு.: மேலே உள்ளதில் முக்கால்வாசி என் சொந்தச் சரக்கு, தள்ளிவிடு. வாசலில் அந்தப் பெண் சொன்னது மட்டும் நிஜம். அதைப் பொய்யாக்க வழி தெரிந்தால் சொல்லம்மா.