காணாமல் போன ஸ்பேனர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே பயிற்சி விமானங்களைச் சண்டை விமானங்களாக மாற்றுகிறோம். பயிற்சி கொடுப்பவர் உட்காரும் சீட்டைக் கழற்றிவிட்டு, அங்கே பெட்ரோல் டேங்க் வைக்க வேண்டும். போன வாரம் நான் அந்த இடத்துக்குள் இருப்பது தெரியாமல் மேலே தகட்டை வைத்து ஸ்குரூ போட்டு மூடிவிட்டார்கள். தட்டித் தட்டிக் கை ஓய்ந்தது. இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் கருவிகளை எண்ணுவார்கள், ஆட்களை அல்ல. ஒரு ஸ்பேனர் குறைந்தது. தேடித் திறந்தார்கள். அது என் கையில் இருந்தது!

"அப்பாடா, கெடைச்சிடுச்சு" என்று சூப்பர்வைசர் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பீரோவில் என் பாஸ்போர்ட் நகல் இருக்கும், அனுப்பி வை. அசலை மேனேஜர் தர மாட்டேன் என்கிறார். சும்மாதான் கேட்கிறேன்.

பஸ் வந்துவிட்டது. கவலைப்படாதே, இப்போதெல்லாம் ஸ்பேனர் இல்லாமல் உள்ளே போவதில்லை.

உன் மகன்