அம்மாவின் இடக்கைக்கு ஒரு போன் கவர்

கமுதி
பங்குனி, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மாரிச்செல்விக்கு உன் அய்யா எழுதிக்கொண்டது. நீ அங்கே மஸ்கட்டில் நோய்நொடி இல்லாமல் இருக்க நம்ம கருப்பன் துணை இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித்தான் எந்தக் கடிதத்தையும் ஆரம்பிக்க வேண்டும், பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகப் படித்த ஒரே பாடமும் அதுதான். ஆனால் இந்தத் தடவை முக்கால் சுகம் என்றுதான் எழுத வருகிறது. மீதிக் கால் பங்கைச் சொல்வதற்கு முன்னால் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், அங்கிருந்து பிடித்தால்தான் எனக்குப் பேனா ஓடும்.

போன வெள்ளிக்கிழமை மேலத்தெரு கருமலையான் தவறிவிட்டார். வரப்பை வருசத்துக்கு ஒரு சாண் நம்ம பக்கம் நகர்த்திக்கொண்டே வந்தாரே, அவர்தான். அவருக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை நின்றது நீ எட்டாவது படிக்கும்போது. ஆனாலும் சாவு வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியுமா, களத்தில் மிளகாய் அள்ளிக்கொண்டிருந்தவன் கையைக் கழுவி வேட்டியை மாற்றிக்கொண்டு போனேன். அம்மாவுடைய போன் என் சட்டைப்பையில் இருந்தது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். மாலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்த நேரம் பார்த்து அது அடித்தது. நீதான். அவசரமாக எடுத்துச் சத்தத்தை அமுக்கிவிட்டு, வேர்த்திருந்த முகத்தை அதே கையால் துடைத்தேன், அவ்வளவுதான். அந்தப் போனுக்கு நான் கமுதி பஸ் ஸ்டாண்டில் வாங்கிப் போட்டிருந்த ரப்பர் கவர் மிளகாய்க் கையிலேயே புழங்கிப் புழங்கி நெடியை எல்லாம் குடித்து வைத்திருக்கிறது, சாவு வீட்டுக்குக் கிளம்பும்போது நான் கையைக் கழுவினேனே ஒழிய கவரைக் கழுவவில்லை. ரெண்டு கண்ணும் பற்றிக்கொண்டு கொட்டுகிறது, மூக்கும் சேர்ந்துகொண்டது, துடைக்கத் துடைக்க இன்னும் எரிகிறது. கருமலையான் மகன் ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்து, மாமா, நீங்களே இப்பிடி ஒடைஞ்சு போனா நாங்க எங்கன போயி நிப்போம் என்று அவனும் அழுகிறான். பெண்கள் பக்கமிருந்து, வரப்புல இருந்த பகை மனசுல இல்ல பாருடி என்று ஒரு குரல் வருகிறது. இது மிளகாய் எரிச்சலப்பா என்று சொல்ல வாயைத் திறந்தால் விக்கல்தான் வந்தது. கடைசியில் எனக்கு மோர் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள். போன நிலம் வரவில்லை, மரியாதை மட்டும் வந்தது.

அன்றைக்கு நான் உன் போனை எடுக்காத காரணம் அது. ஆனால் அதற்கு முன்னால் வெள்ளி தவறாமல் நீ கூப்பிட்டும் அம்மா எடுக்கவில்லையே, அது மிளகாயும் இல்லை, நீ நினைப்பது போலக் கோபமும் இல்லை. தாயி, உட்கார்ந்து பொறுமையாகப் படி. மாசி பிறந்த கொஞ்ச நாளில் அம்மாவுக்கு வலது பக்கம் இழுத்துவிட்டது. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம், உயிருக்குப் பயமில்லை என்று சொல்லி மாத்திரையும் பயிற்சியும் கொடுத்து அனுப்பினார்கள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், பேச்சு கொஞ்சம் குழறுகிறது, அதுவும் நாளுக்கு நாள் தெளிகிறது. சோத்துக்கைதான் இன்னும் வரவில்லை. நீ ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கிறவள், இது என்ன என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மெதுவாகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் சேர்த்து எழுதுகிறேன். பொங்கலுக்கு வருவேன் என்று சொன்ன நீ, இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று சொன்னாய், அப்ப இனிமே எனக்குப் போன் பண்ணாத என்று அவள் சொன்னாள், அதோடு நின்றது உங்கள் பேச்சு. அந்த வார்த்தையைத் திருப்பி எடுப்பதற்குள் இப்படி ஆகிவிட்டது. நீ என் பட்டன் போனுக்குக் கூப்பிட்டு, அம்மா இன்னுமா அய்யா கோவமா இருக்காங்க என்று கேட்கும்போதெல்லாம், தூங்குறா, கோயிலுக்குப் போயிருக்கா என்று வாயில் வந்ததைச் சொல்லிச் சமாளித்தேன். கோயிலுக்கு அவள் போன கணக்கைப் பார்த்தால் இந்நேரம் அவளைப் பூசாரியாகவே ஆக்கியிருப்பார்கள்.

நீ வாங்கி அனுப்பிய போன் நல்ல போன்தான், அதற்கு நீ போட்டு அனுப்பிய தோல் கவரும் பார்க்க அழகு, டைரி மாதிரி மூடிக்கொள்ளும், காந்தம் போலக் கவ்விக்கொள்ளும். ரெண்டு கை உள்ளவர்களுக்கு அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஒரு கையில் பிடித்தால்தானே மறு கையால் மூடியைத் திறக்கலாம். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நான் மிளகாய்க் காட்டிலிருந்து திரும்பினால் வீட்டுக்குள் மணி அடித்துக்கொண்டிருக்கிறது, அம்மா தரையில் உட்கார்ந்து போனை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு மூடியைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் விட்டுவிட்டு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். மணியும் நின்றுபோனது. நான் உடனே உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன், அவள் விடவில்லை. நா கூப்புட்டப்ப வராதவ, கை வெளங்கலன்னு கேள்விப்பட்டு ஓடி வரக் கூடாது, அப்புறம் எங்க ஆத்தாளாலதான் வேலை போச்சுன்னு அவ நெனைக்கலேன்னாலும் நா நெனைப்பேன், அவகிட்ட வாயத் தெறக்க மாட்டேன்னு அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க என்று கையை நீட்டினாள். நீட்டியது இடது கை. எந்த ஊரில் இடது கையில் சத்தியம் வாங்குவார்கள். அவளுக்கே அது தெரிந்து கையை மடக்கப் பார்த்தாள், அதற்குள் நான் என் கையைக் கொண்டுபோய் அதில் வைத்துவிட்டேன். அந்தச் சத்தியம் செல்லுமா செல்லாதா என்பதைக் கருப்பன்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறக்க மாட்டேன் என்றுதான் நான் சொன்னது, எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை, அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தோல் கவரைக் கழற்றிவிட்டு மூடி இல்லாத ரப்பர் கவர் வாங்கிப் போட்டது நான்தான். வழுக்காது என்று கடையில் சொன்னான், வழுக்கவில்லை, எதையும் விடவும் இல்லை. நான்தான் போனைச் சார்ஜில் போடுவதும் எடுத்து அவளிடம் கொடுப்பதும், என் கையோ மிளகாய்க் காலத்துக் கை. ஒரு நாள் எடுத்துப் பழகுவதற்காக அவள் அதைக் கன்னத்தில் வைத்துவிட்டு எரியுது எரியுது என்கிறாள், ஒரு கையில் போன் இருக்கிறது, துடைக்க மறு கை வரவில்லை. போனைப் போட்டுவிட்டாள். அதற்குப் பிறகு நான் சோப்பும் மோரும் போட்டுக் கழுவியும் அவள் அதைத் தொடவில்லை, அதனால்தான் போனை என் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன், அந்தக் கூத்து சாவு வீட்டில் போய் முடிந்தது.

நேற்று முதுகுளத்தூர் பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரம் போய் ஹசன் அலி பாய் கடையில் நின்றேன். சுவர் முழுக்கக் கவர், கூரைவரை தொங்குகிறது. யாருக்கு என்று கேட்டார், எனக்குத்தான் என்று சொல்லிவிட்டேன், நம்ம வீட்டு விசயத்தைக் கடையில் எதற்குச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு என் வலது கையைத் துண்டுக்குள் மடக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இடது கையாலேயே எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி ஒன்று, பார்க்கத் தெளிவு, எடுத்ததும் மீன் மாதிரி நழுவியது. முதுகில் மோதிரம் வைத்தது ஒன்று, அதை நகத்தால் நெம்பி நிமிர்த்த இன்னொரு கை வேண்டும். நான்கு மூலையும் தடித்த ஒன்று, அது கீழே விழுந்தால் போனுக்கு ஒன்றும் ஆகாது, காலில் விழுந்தால் காலுக்கு ஆகும், அவ்வளவு கனம். நான் இப்படி மல்லுக்கட்டுவதைப் பார்த்து ஒரு காலேஜ் பிள்ளை எழுந்து ஸ்டூலைக் கொடுத்தது, பாய் தண்ணீர் பாட்டிலை மூடி திறந்து நீட்டினார், நானும் கூச்சமில்லாமல் வாங்கிக் குடித்தேன். கடைசியில் முதுகில் பட்டை வைத்த ஒன்று, பட்டைக்குள் விரலை நுழைத்துவிட்டால் கையை விரித்தாலும் விழாது, இதுதான் என்று முடிவு பண்ணி, ஏதோ ஞாபகத்தில் வலது கையை வெளியே எடுத்துப் பையிலிருந்து பணத்தை உருவி நீட்டினேன். பாய் என் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணே, நம்ம கவருக்கு இம்புட்டு மகிமை இருக்குன்னு எனக்கே தெரியாது, தொட்டதும் கை வந்துருச்சே என்றார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன், சிரிப்பு அடங்கியதும் எனக்கு அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, வீட்டுக்காரிக்குக் கை வரல பாய் என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் பகடி பேசவில்லை. நான் கொடுத்த பணத்தை என் பக்கமே தள்ளிவிட்டு, அப்ப இது ஆகாதுண்ணே, இந்தப் பட்டைக்குள்ள நீங்க முரட்டுக் கைய விட்டுத் திணிச்சுட்டீங்க, அவுக கையி மெலிஞ்சிருக்கும், நடுங்கும், நுழைக்கிறதுக்குள்ள மணி நின்னுரும் என்றார். என்னுடைய இடது கையை வைத்துக்கொண்டு அவளுடைய இடது கையை அளந்திருக்கிறேன், என் புத்தியைப் பார். ரெண்டு பேருமாக உட்கார்ந்து தேடி எடுத்தது ஒன்று. மூடி கிடையாது, கனம் கிடையாது, சொரசொரப்பாக இருக்கிறது ஆனால் ரப்பர் இல்லை, மிளகாய் பட்டாலும் ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். ஓரம் கொஞ்சம் உயர்ந்திருக்கிறது, குப்புற விழுந்தாலும் கண்ணாடி தரையில் படாது. பக்கத்தில் இருக்கிற பட்டன் மெதுவாகத் தொட்டாலே அமுங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேல் கழுத்தில் மாட்டிக்கொள்ள அகலமான நாடா. போன் எப்போதும் நெஞ்சின் மேல் கிடக்கும், அடித்தால் ஒரு விரலால் தள்ளினால் போதும், கை நழுவினாலும் திரும்ப நெஞ்சுக்குத்தான் வரும். நீ மஸ்கட்டில் இருப்பதைச் சொன்னதும், தன் தங்கச்சி மகன் அசாருதீன் புதன்கிழமை அங்கே திரும்புகிறான், எதுவும் கொடுக்கணும்னா கொடுங்க என்றார். அப்படித்தான் இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வருகிறது.

அம்மா கழுத்தில் மாட்டிவிட்டேன். இதென்ன மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி என்றாள். பழகிப் பாரு ராக்கு என்றேன். பெத்த மகளப் பீச்சாங்கையாலயா எடுத்துப் பேசுறது என்று கேட்டாள். என் பட்டன் போனிலிருந்து அடித்துப் பார்த்தேன், எடுக்க மாட்டேன் என்கிறாள், எதுத்தாப்புல நின்னுக்கிட்டு எதுக்குப் போனு என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். ஆனால் அவளால் முடியுமா முடியாதா என்று தெரியாமல் நான் எப்படி இருப்பது, வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டு மறுபடியும் மணி அடித்து ஓய்ந்தால் நீயும் எத்தனை நாளைக்குத்தான் கூப்பிடுவாய். இன்று காலையில் களத்துக்குப் போனதும் மிளகாய் ஆய வந்திருந்த சோலையம்மாளிடம் போனை வாங்கி அடித்தேன். அவள் நம்பர் அம்மா போனில் கிடையாது. மணி அடிக்கிறது, அடிக்கிறது, நின்றுவிடப் போகிறது என்று நினைக்கும்போது எடுத்துவிட்டாள். சபாஷ் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அந்தப் பக்கமிருந்து, செல்வியா, சொல்லு தாயி என்கிறாள். நீ கூப்பிடுகிற நம்பர்தான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வருமே, அவள் வேறு யாரை நினைப்பாள்.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மூக்கை உறிஞ்சினேன். என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டு, அழுகாத, அழுகாத என்றாள். பிறகு அவள் பேசியதை ஒரு எழுத்து விடாமல் உனக்கு எழுதுகிறேன், அது உனக்குச் சேர வேண்டியது. நா கோவத்துல எடுக்காம இல்லடி, எடுக்க வரல, அம்புட்டுத்தான் என்றாள். ரெண்டு வருசம்னா ரெண்டு வருசம், இருந்து முடிச்சுட்டு வா, அன்னைக்கு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன், அத மனசுல வச்சுக்கிட்டுச் சாப்புடாம கெடக்காத என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, உங்கய்யா சட்டியத் தீய விட்டுத்தான் சோறு ஆக்குறாரு, ஆனா என்னைய ஒரு கொற இல்லாம பாத்துக்கிறாரு, நா அவருட்ட சொன்னதில்ல, நீயும் சொல்லிராத என்றாள். அப்புறம் லைன் இருக்கா இல்லையா என்று கேட்டுக்கொண்டே வைத்துவிட்டாள். சோலையம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னண்ணே மிளகா கண்ணுல பட்டுருச்சா என்று கேட்டாள். ஆமா என்றேன்.

ஆகவே தாயி, வெள்ளிக்கிழமை நீ கூப்பிடும்போது மணி நீளமாக அடிக்கட்டும், அவசரப்பட்டுக் கட் பண்ணிவிடாதே, நின்றுபோனால் உடனே திரும்பவும் அடி, இடது கை வந்து சேர நேரமாகும். முந்தி பேசியது நான் இல்லையே என்று மட்டும் சொல்லிவிடாதே. கை விசயம் அவளாகச் சொன்னால் புதிதாகக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொள், சொல்லாவிட்டால் நீயும் கேட்காதே. வா என்றும் வராதே என்றும் நான் எழுதப் போவதில்லை, ரெண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்க முடியாது, உனக்கு எது சரி என்று படுகிறதோ அதைச் செய். அசாருதீனிடம் நம்ம முண்டு மிளகாய்த் தூள் கொஞ்சம் கொடுத்து அனுப்புகிறேன், பொட்டலத்தைப் பிரித்த கையால் உன் போனைத் தொடாதே, உன் அய்யா பட்டது போதும். நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. எந்தக் குறையும் அண்டாமல் நீ நல்லா இருக்கணும்.

களத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா தானாகவே எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்தாள், கழுத்தில் போன் ஆடுகிறது. செல்வி பேசுச்சு என்றாள். என்ன சொல்லுச்சு என்று கேட்டேன். ஒண்ணும் பேசல, நா சொன்னதெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு என்றாள், ரெண்டு மாதத்துக்கப்புறம் இன்றைக்குத்தான் சிரித்தாள். நான்தான், ராக்கு, கேட்டுக்கிட்டு இருந்தேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. இன்றைக்காவது சோற்றைத் தீய விடக் கூடாது என்று அடுப்படிக்குப் போய்விட்டேன்.

உன் அய்யா
பூமிநாதன்