செவ்வாய்ச் சந்தையில் ஒரு காலி இடம்

அன்புள்ள லெனார்டுக்கு,

நியூசிலாந்தில் நீயும் ஐரிஸும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் பாதிதான் உண்மை. நான் நடமாடுகிறேன், உன் அப்பா படுத்துவிட்டார். கோடை வரைக்கும் தாங்குவாரா என்று டாக்டர் உதட்டைப் பிதுக்குகிறார். நம்மூர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள், நூலகம் வாரத்தில் இரண்டே நாள், நகரத்துக்குப் போகும் பஸ்ஸும் சனிக்கிழமையோடு சரி. அவ்வளவு தூரம் போய் முகம் தெரியாதவர்கள் நடுவில் கிடக்க மாட்டேன் என்று இவர் ஒரே பிடிவாதம், அதனால் முன்னறையில் சந்தையைப் பார்த்த ஜன்னலோரம் கட்டில் போட்டிருக்கிறேன். ஒரு தடவைதான் வர முடியும், அடக்கத்துக்கு வருகிறேன் என்று நீ எழுதியதை அவரிடம் நான் படித்துக் காட்டவில்லை.

போன செவ்வாய் ஒரு கூத்து நடந்தது. வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றார், காலையிலேயே முன்ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். பட்டப்பகலில் அதை மூடினால் வீட்டில் சாவு என்று அர்த்தம், எனக்குத் தெரியாததா, ராத்திரியெல்லாம் தூங்காததில் புத்தி வேலை செய்யவில்லை. சந்தைக்காரர்கள் பார்த்துவிட்டு, தங்களில் ஒருவர் போனால் செய்வதுபோல, உன் அப்பா பாலாடைக்கட்டி விற்ற இடத்தில் யாரும் கடை போடாமல் டாஃபடில் பூங்கொத்து ஒன்றை வைத்துத் தொப்பியைக் கழற்றி நின்றிருக்கிறார்கள். மீன்கடை டோராத்தி பழக் கேக்கும் கையுமாக வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. உள்ளேயிருந்து இவர், "நான் இன்னும் போகல டோராத்தி, அந்தக் கேக்கை இங்க கொண்டா" என்றார். அவள் கேக்கைக் கீழே போட்டுவிட்டாள்.

அப்புறம் திரையை விலக்கச் சொல்லி அந்தக் காலி இடத்தையே வெகுநேரம் பார்த்தார். யார் யார் வந்து நின்றார்கள் என்று கேட்டார், டோராத்தி ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். எல்லாம் கேட்டுவிட்டு, "நம்ம லென் வந்திருந்தானா?" என்றார். நான் கேக் துண்டுகளைப் பொறுக்குகிற சாக்கில் அழுதேனப்பா.

ஒரு தடவைதான் என்றால் இப்போதே கிளம்பு. அடக்கத்துக்கு நீ வர வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். இங்கே இன்னும் குளிர் விடவில்லை, கம்பளிக் கோட்டு எடுத்துக்கொள்.

உன் வரவை எண்ணியிருக்கும்
அம்மா ஹில்டா